தின்றது உடம்பில் ஒட்டியதா? வளர்ப்பு மீனின் குடலைக் கவனிக்கும் முறை

பிள்ளை வயிறு நிறையச் சாப்பிட்டும் மெலிந்தே இருந்தால் "சாப்பிடுறது உடம்பில ஒட்டேல்லை" என்று வீட்டில் சொல்வார்கள். மீன் பண்ணைக்காரருக்கு அதே பேச்சு காசுக் கணக்காக வருகிறது. சால்மன் வளர்ப்பில் மொத்தச் செலவில் ஏறத்தாழப் பாதி தீனுக்கே போகிறது. மீன் வளரும் வலைக் கூட்டில் கொட்டிய தீன் போகக்கூடிய இடங்கள் மூன்று. மீனின் வாயில் படாமல் அடிக்குத் தாழலாம். வாய்க்குள் போய் அப்படியே எச்சமாக வெளியேறலாம். அல்லது தசையாக மாறலாம். முதலாவதைக் கமரா காட்டிவிடும், மூன்றாவதைத் தராசு சொல்லிவிடும். நடுவில் உள்ளதை அறியக் குடலைத்தான் பார்க்க வேண்டும்.

சால்மன் என்றதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நினைவுக்கு வருவது கடையில் 'சமன்' என்று கேட்டு வாங்கும் பேணிதான். பேணியின் சிறிய எழுத்தை வாசித்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் மெக்கரல். இங்கே பேசப்படுவது நோர்வே, சிலி, ஸ்கொட்லாந்துக் கடல்களில் கூடுகளில் வளரும் அத்லாந்திக் சால்மன். நோர்வேயின் வடகோடி மீன் ஆலைகளில் வேலை செய்த உறவினர் உள்ள வீடுகள் இங்கே பல உண்டு. அவர்களுக்கு இந்த மீன் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் அதை வளர்க்க முடியாது. அதற்கு 8 முதல் 14 பாகை செல்சியஸ் வரையான குளிர்நீர் வேண்டும், நமது கடனீரேரி அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூடானது. ஆனால் மீனின் சமிபாட்டைக் கண்காணிக்கும் முறைகள் மிகவும் தெளிவாக வகுக்கப்பட்டிருப்பது சால்மனில்தான். இங்கே கொடுவா மீன் வளர்ப்பவர் அவற்றில் பெரும்பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மாற்ற வேண்டியவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சால்மன் ஊனுண்ணி. அதன் இரைப்பை ஆங்கில 'யூ' எழுத்துப்போல் வளைந்த, தடித்த சுவருள்ள பை. அமிலமும் புரதத்தை உடைக்கும் நொதியமும் அங்கே சுரக்கின்றன. இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தில் விரல்கள் போன்ற குருட்டுப்பைகள் கொத்தாகத் தொங்கும். சால்மனில் அவை பல பத்துக்கணக்கில் இருக்கும், கொழுப்புப் படிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். புதிதாக அறுப்பவர் இதைக் கொழுப்புக் கட்டி என்று நினைத்து வழித்து எறிந்துவிடுவது வழக்கம். உண்மையில் கொழுப்பும் புரதமும் அதிகமாக உறிஞ்சப்படும் இடம் அதுதான். அதன்பின் நடுக்குடல், கடைசியில் பின்குடல். பின்குடல் சற்று அகன்று, கருமையாக, குறுக்கே வளையம் வளையமாக மடிப்புகள் தெரியும்படி இருக்கும்.

குடலை வெறும் குழாய் என்று எண்ணிவிடக்கூடாது. அது மதில்போலவும் வேலை செய்கிறது: சத்தை உள்ளே விடவேண்டும், பற்றீரியாவைத் தடுக்கவேண்டும். கடலில் வாழும் சால்மனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உப்புநீர் அதன் உடலிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருப்பதால் மீன் கடல்நீரைக் குடித்து, குடல் வழியாக நீரை உறிஞ்சித்தான் ஈடுசெய்கிறது. ஆகவே குடற்சுவர் புண்பட்டால் சத்து இழப்போடு நில்லாது, எச்சம் தண்ணீராகப் போகும், குருதியின் உப்புச் சமநிலையும் குழம்பும்.

இவ்வளவு கவனம் ஏன் தேவைப்பட்டது? தீன் மாறியதால். 1990இல் நோர்வேச் சால்மன் தீனில் ஏறத்தாழ 90 வீதம் கடலிலிருந்து வந்த மீன்மாவும் மீனெண்ணெயும். 2013இல் அது 30 வீதத்துக்குக் கிட்ட இறங்கிவிட்டது. மீதியைச் சோயா, கோதுமை, கடுகு வகை எண்ணெய் போன்றவை நிரப்பின. கடலில் மீன்மாவுக்கு எல்லை உண்டு, சால்மன் உற்பத்தியோ பெருகிக்கொண்டே போனது. வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் மீன் தின்னப் பிறந்த குடல் மரக்கறிக்கு எப்படி முகம் கொடுத்தது என்பதில்தான் பிரச்சினை.

சோயாமா சால்மனின் பின்குடலில் அழற்சியை உண்டாக்கும் என்பது 1990களில் தெளிவானது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மடிப்புகள் குட்டையாகும். மடிப்பின் நடுவிலுள்ள மெல்லிய இழையம் தடிக்கும், அதில் வெண்கலங்கள் வந்து குவியும். உறிஞ்சும் கலங்களுக்குள் வழமையாகக் காணப்படும் குமிழ்கள் மறையும். முக்கிய காரணி சோயாவிலுள்ள சப்போனின், தண்ணீரில் கலக்கினால் சவர்க்காரம்போல் நுரைக்கும் அதே பொருள். அல்ககோலால் கழுவிச் செறிவாக்கிய சோயாப் புரதத்தில் சப்போனின் பெரும்பாலும் போய்விடுவதால் இந்த அழற்சி வருவதில்லை. எனவே தீன் மூட்டையில் 'சோயா' என்று இருப்பதைக் கண்டு பதறவேண்டியதில்லை. மாவா, செறிவாக்கியதா என்று கேட்பதுதான் முறை. இன்னொரு நல்ல செய்தி: சோயாமாவை நிறுத்தினால் சுமார் மூன்று வாரத்தில் குடல் பழைய நிலைக்குத் திரும்பும். நேரத்தோடு கண்டுபிடித்தவருக்கு நட்டம் குறைவு.

அடுத்த சிக்கல் கொழுப்பு. சால்மன் வளர்தீனில் 30 வீதத்துக்கு மேல் கொழுப்பு இருக்கும். உறிஞ்சிய கொழுப்பைக் குடற்கலம் பொதிகட்டிக் குருதிக்கு அனுப்ப வேண்டும், பொதிகட்டக் கோலின் என்ற சத்துத் தேவை. மீன்மா குறைந்தபோது கோலினும் குறைந்தது. அனுப்ப முடியாத கொழுப்புக் கலங்களுக்குள்ளேயே தேங்க, குருட்டுப்பைகள் வெளுத்து வீங்கும். சில வேளை எச்சம் தாழாமல் மிதக்கும், நீரின் மேல் எண்ணெய்ப் படலம் தெரியும். குடலில் கிருமி இல்லை, மருந்தும் தேவையில்லை, தீனில் கோலின் போதாது, அவ்வளவுதான். இதற்கு அன்டிபயோட்டிக் தேடி அலைவது வீண்.

இனிக் கண்காணிப்புக்கு வருவோம். மீனைக் கொல்லாமல் பார்க்கக்கூடியவை இரண்டு: தின்னும் விதம், எச்சம்.

தின்னும் விதத்தைப் பார்க்கத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் தீன் போடவேண்டும். முதல் பிடி போட்டதும் மீன் எவ்வளவு விரைவாக மேலே வருகிறது, எத்தனை நிமிடத்தில் வேகம் குறைகிறது என்று எழுதுங்கள். பெரிய சால்மன் கூடுகளில் நீருக்கடியிலுள்ள கமராவில் தீன் குளிகைகள் தின்னப்படாமல் கீழே இறங்குவது தெரிந்ததும் தீன் இயந்திரத்தை நிறுத்துகிறார்கள். நோர்வேயில் ஒரு கூட்டில் 2,00,000 மீன்வரை விட அனுமதியுண்டு, கண்ணால் மட்டும் பார்த்து அங்கே எதுவும் சொல்லமுடியாது. சிறிய கூட்டில் கமராவுக்குப் பதில் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி அடியில் இறக்கிவைத்து, தீன் போட்டு அரைமணி கழித்துத் தூக்கிப் பார்த்தாலே போதும். தட்டில் மிஞ்சியதை எண்ணுங்கள். ஒன்றை மறக்கவேண்டாம்: பசி குறைந்ததும் குடல்நோய் என்று முடிவுகட்டக்கூடாது. ஒக்சிசன் குறைந்தாலும், வெப்பம் திடீரென்று மாறினாலும், மீன் பேன் என்ற ஒட்டுண்ணி பற்றினாலும் மீன் தின்னாது. முதலில் ஒக்சிசன் மானியை நீரில் விடுங்கள்.

எச்சம் நேரடியான சாட்சி. நல்ல எச்சம் திரண்டு, உருளையாக, ஓரளவு இறுகி, தீனின் நிறத்துக்குக் கிட்ட இருக்கும். நீரில் முழுதாகத் தாழும். கலங்கலாகச் சிதறினால் சமிபாடு சரியில்லை, அல்லது தீனில் கரையும் நார் அதிகம். வெள்ளையாக, நூல்போல் ஆசனவாயில் தொங்கினால் அது பெரும்பாலும் சீதம். மீன் தின்னவில்லை அல்லது குடற்சுவர் உரிகிறது. தீன் துணிக்கைகள் அடையாளம் தெரியும்படி வந்தால் குடலை அளவுக்கு மீறிய வேகத்தில் தாண்டிவிட்டது என்று பொருள். பத்து மீனைத் தீன் போட்டுச் சில மணிநேரத்தில் சுத்தமான நீருள்ள தொட்டியில் விட்டு, அடியில் விழுவதைப் பார்ப்பதே எளிய வழி. வயிற்றைக் கையால் அழுத்தி எடுப்பதும் உண்டு. அழுத்தம் கூடினால் சீதமும் குருதியும் சேர்ந்து வந்து, இல்லாத நோயைக் காட்டிவிடும்.

மற்றெதையும்விட அதிகம் கற்பிப்பது மீனை அறுத்துப் பார்ப்பதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்லவேண்டும்.

மீனைப் பட்டினி போட்டு அறுக்கக்கூடாது. இது பலர் செய்யும் பிழை. கறிக்கு அறுக்கும் பழக்கத்தில் வருவது. ஏற்றுமதிக்கோ போக்குவரத்துக்கோ முன் குடலைக் காலியாக்கப் பட்டினி போடுவது சரி. சோதனைக்கு அறுக்கும்போது குடலில் தீன் இருக்கவேண்டும். பட்டினி கிடந்த மீனில் முன்சொன்ன குமிழ்கள் தாமாகவே குறையும், குடல் மெலியும், உள்ளே மஞ்சள் சீதம் தேங்கும். இவையெல்லாம் நோயின் அடையாளங்கள் போலவே தெரியும். ஆகவே வழமைபோல் தீன் போட்டு, தின்ற மீனையே பிடிக்கவேண்டும். பிடிக்கும்போதும் கவனம்: வலையில் முதலில் சிக்குவது பலவீனமான, ஓரத்தில் மிதக்கும் மீன். அதை மட்டும் அறுத்தால் முழுக் கூடும் நோயாளி என்று தோன்றும். நல்ல மீன் ஒரு தொகுதி, சந்தேகமான மீன் வேறொரு தொகுதி என்று பிரித்து எழுதுங்கள்.

மீனை வேதனையில்லாமல் கொல்லக் கராம்பு எண்ணெய் போதும். 20 லீற்றர் நீருக்கு 8 மில்லிலீற்றர். எண்ணெய் நீரில் கலக்காது என்பதால் முதலில் பத்து மடங்கு அல்ககோலில் கரைத்து, பிறகு வாளியில் ஊற்றிக் கலக்குங்கள். செவுள் அசைவு நின்ற பின்னும் பத்து நிமிடம் விட்டுவைக்கவேண்டும். இந்த அளவு கொல்வதற்கு. நிறுத்துவிட்டுத் திரும்ப விடப்போகும் மீனை மயக்க லீற்றருக்கு 40 முதல் 60 மில்லிகிராம் போதும். கொன்ற மீனை உணவுக்கு எடுக்கக்கூடாது.

நிறையையும் நீளத்தையும் எழுதிவிட்டு, ஆசனவாயில் சிறு வெட்டுப் போட்டு, மொட்டை முனைக் கத்தரிக்கோலால் வயிற்றின் நடுக்கோட்டில் தலைப்பக்கமாக வெட்டிக்கொண்டு போங்கள். கத்தரிக்கோலின் முனை எப்போதும் வெளிப்பக்கம் தூக்கியே இருக்கவேண்டும். குடலில் குத்திவிட்டால் உள்ளிருப்பது சிந்திப் பார்வை கெட்டுவிடும். பிறகு ஒரு பக்கச் சுவரை மடித்து எடுத்தால் எல்லாம் இருந்த இடத்திலேயே தெரியும். எதையும் இழுக்குமுன் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

முதலில் பித்தப்பை. புதியவர்கள் இதைக் கவனிப்பதில்லை, ஆனால் மீன் தின்றதா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. தீன் குடலுக்கு வந்ததும் பித்தம் கொட்டப்படும். எனவே தின்ற மீனின் பித்தப்பை சிறியதாக, வெளிறியதாக இருக்கும். பெரிதாகி, கரும்பச்சையாக உப்பியிருந்தால் அந்த மீன் சில நாளாகத் தின்னவில்லை. ஈரல் செம்பழுப்பாக, கூரான ஓரத்தோடு இருப்பது நல்லது. வெளிறி மஞ்சளாக, ஓரம் உருண்டு, விரலில் நொறுங்கினால் கொழுப்பேறியது.

அடுத்து இரைப்பை முதல் ஆசனவாய்வரை எங்கெங்கே தீன் இருக்கிறது என்று பாருங்கள். இரைப்பை காலி, பின்குடல் நிறைவு என்றால் நேற்றுத் தின்றது, இன்று தின்னவில்லை. இரைப்பை நிறைவு, குடல் காலி என்றால் நெடுநாள் பட்டினிக்குப் பிறகு இன்றுதான் தின்றது. குருட்டுப்பைகளை விரித்து வெண்மையையும் வீக்கத்தையும் பாருங்கள். வெள்ளை நாடாபோல் ஏதாவது நெளிந்தால் அது நாடாப்புழு. சால்மனில் அதன் தலை குருட்டுப்பைக்குள் பற்றிக்கொண்டு, உடல் குடலுக்குள் நீண்டு கிடக்கும். கடைசியாகப் பின்குடலை நீளவாக்கில் வெட்டித் திறந்து, உள்ளிருப்பதை மெல்ல வழித்துவிட்டுச் சுவரைப் பாருங்கள்: சிவப்பு, குருதிப்புள்ளி, தடிப்பு, மடிப்புகளின் தெளிவு.

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி போடுங்கள். 0 வழமை, 1 சற்று மாற்றம், 2 தெளிவான மாற்றம், 3 கடுமை. "கொஞ்சம் சிவப்பு" என்று எழுதினால் அடுத்த மாதம் அதை எதனோடும் ஒப்பிடமுடியாது. இரண்டு பேர் தனித்தனியாகப் புள்ளி போட்டு ஒப்பிட்டால் இன்னும் நல்லது. முதல் சில தடவை சண்டை வரும், பிறகு கண் பழகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாததற்கு நுணுக்குக்காட்டி. அதற்கு இழையத்தை, பழுதாகாமல் காக்கும் போமலினில் போடவேண்டும், இங்கேதான் நேரம் எதிரியாகிறது. குடலுக்குள் இருக்கும் நொதியங்கள் மீன் செத்ததும் குடலையே செரிக்கத் தொடங்கும். குளிர்நாட்டிலேயே, மீனை வாளியிலிருந்து தூக்கிப் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிடப் பார்ப்பார்கள். 30 பாகை வெயிலில் அதைவிடக் கெதியாக எடுக்கவேண்டும். ஒரே நேரத்தில் பத்து மீனைக் கொன்று வரிசையாக வைத்தால் கடைசி மீனின் குடல் உபயோகமற்றது. ஒவ்வொன்றாகக் கொல்லுங்கள். குருட்டுப்பை, நடுக்குடல், பின்குடல் ஆகிய மூன்றிலும் 5 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்காத துண்டுகள். நசுக்காத இடுக்கி. இழையத்தின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு, முடிந்தால் இருபது மடங்கு திரவம்.

திரவம் செய்யும் முறை: கடையில் வாங்கும் 37 முதல் 40 வீதப் போமலின் 100 மில்லிலீற்றர், நீர் 900 மில்லிலீற்றர், சோடியம் இருஐதரசன் பொசுபேற்று ஓர்நீரேற்று 4 கிராம், நீரற்ற இருசோடியம் ஐதரசன் பொசுபேற்று 6.5 கிராம். பொசுபேற்றுகளை விட்டுவிட்டால் அமிலத்தன்மை கூடி, நுணுக்குக்காட்டியில் பார்க்கும் இழையத்தில் பழுப்புப் படிவுகள் விழும். 24 முதல் 48 மணிநேரத்துக்குப் பிறகு 70 வீத அல்ககோலுக்கு மாற்றலாம். போத்தலுக்குள் போடும் துண்டுக் கடதாசியில் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை அல்ககோலில் கரைந்து, எந்த மீன் எது என்று தெரியாமல் போகும். குளிரூட்டியில் உறையவைக்கவே கூடாது, பனிக்கட்டி கலங்களைக் கிழித்துவிடும். போமலின் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள், வடிகாலில் ஊற்றாதீர்கள்.

எத்தனை மீன்? இதற்குக் கணக்கே பதில் சொல்லும். கூட்டில் 10 வீத மீனுக்குக் கோளாறு இருந்தால், 6 மீனை அறுத்தால் ஒன்றாவது சிக்கும் வாய்ப்பு 47 வீதம், பூவா தலையா போட்டதுபோல். 10 மீனில் 65 வீதம். 95 வீதம் வேண்டுமென்றால் 29 மீன் வேண்டும். ஆனால் தீனால் வரும் கோளாறு ஒன்றிரண்டு மீனோடு நிற்பதில்லை. 30 வீத மீனைப் பாதித்திருந்தால் 10 மீனிலேயே 97 வீதம் பிடிபடும். எனவே தீனைச் சோதிக்க 10 போதும். தொற்றுநோயைத் தேட 30க்குக் குறையக்கூடாது.

தராசுக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தீன் மாற்று விகிதம் என்பது போட்ட தீனை, கூடிய மீன் நிறையால் வகுப்பது. 250 கிலோ தீனுக்கு 200 கிலோ நிறை கூடினால் 1.25. சால்மனில் 1.2க்குக் கிட்ட வருவது வழமை. இது திடீரென்று ஏறினால் மூன்று சந்தேகங்கள்: தீன் அடிக்குப் போகிறது, செத்த மீன் கணக்கில் வரவில்லை, குடல் உறிஞ்சவில்லை. முதலிரண்டையும் விலக்கிய பிறகே குடலைக் குற்றம் சொல்லலாம்.

ஆய்வுகூடத்தில் சமிபாட்டை இன்னும் துல்லியமாக அளக்கத் தீனில் யிற்றியம் ஒட்சைட்டைச் சிறிதளவு கலப்பார்கள். அது உறிஞ்சப்படாது, எனவே மற்றவை உறிஞ்சப்பட்ட அளவுக்கு எச்சத்தில் அது செறிந்து வரும். தீனில் கிலோவுக்கு 100 மில்லிகிராம், எச்சத்தில் 300 என்று வைப்போம். தீனில் புரதம் 45 வீதம், எச்சத்தில் 20 வீதம். 100ஐ 300ஆல் வகுத்து, அதை 20ஆல் பெருக்கி, 45ஆல் வகுத்தால் 0.148. அதாவது புரதத்தில் 14.8 வீதம் வீணாகி, 85.2 வீதம் உடலில் சேர்ந்தது.

இப்போது கொடுவா. அதன் குருட்டுப்பைகள் சால்மன்போல் கொத்தாக இராது, விரல்விட்டு எண்ணிவிடலாம். இதைக் கண்டு எதையோ காணவில்லை என்று திகைக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் வாழும் மீன் என்பதால் தீன் குடலைக் கடக்கும் வேகம் மிகவும் அதிகம். 10 பாகை நீரில் சால்மன் ஒன்றிரண்டு நாள் எடுப்பதைக் கொடுவா ஒரு நாளுக்குள் முடித்துவிடும். எனவே தீன் போட்டு அடுத்த நாள் காலை அறுத்தால் குடல் காலியாகவே இருக்கும். சில மணிநேரத்துக்குள் அறுக்கவேண்டும். அறுக்கப் பழக பாசையூரிலோ குருநகரிலோ வாங்கிய கொடுவா நன்று, உறுப்புகளை அடையாளம் காணலாம். குடலின் சுகத்தைப் பற்றி அதிலிருந்து ஒன்றும் சொல்லமுடியாது. அது செத்து எத்தனை மணிநேரமோ.

சூடை, காரல் போன்ற சிறுமீனை வெட்டிப்போட்டு வளர்ப்பவருக்குத் தனிக் கவனம் தேவை. பழுதான சிறுமீன் பற்றீரியாவை நேரே குடலுக்குள் கொண்டுபோகும். அதன் கொழுப்புச் சிக்கடித்திருந்தால் ஈரல் கெடும். சூடை இனங்களில் தயமினேசு என்ற நொதியம் இருப்பதுண்டு, அது உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கும். சூடையை மட்டுமே நாள்கணக்கில் போடாமல் மாற்றி மாற்றிப் போடவேண்டும். ஒரு கிலோ கொடுவாவுக்கு 4 கிலோவோ அதற்கு மேலோ சிறுமீன் செல்லும் என்பதால், அதன் தீன் மாற்று விகிதத்தைக் குளிகைத் தீனின் விகிதத்தோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. சிறுமீனில் பெரும்பகுதி தண்ணீர். குளிகைக்கு மாறும்போது ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரம் எடுங்கள்: கால் பங்கு, அரைப்பங்கு, முக்கால், முழுது. குளிகை மூட்டையைச் சீமெந்து நிலத்தில் வைக்காமல் பலகைமேல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். நமது உப்புக்காற்றில் ஈரம் பிடித்து, பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் வேண்டாம். மணந்து பார்க்கும்போது பழைய எண்ணெய் வாடை வந்தால் அந்த மூட்டை கூட்டுக்குப் போகக்கூடாது.

ஆழமில்லாத கடனீரேரியில் விடியற்காலை ஒக்சிசன் மிகவும் குறையும், இரவு முழுதும் பாசியும் தாவரமும் அதை எடுத்துவிடுவதால். தின்ற மீனுக்குச் செரிக்கவே மேலதிக ஒக்சிசன் தேவை. எனவே லீற்றருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் வேளையில் தீன் போடவேண்டாம், வெயில் ஏறிய பின் போடுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கினால் உவர்த்தன்மை சடுதியாக இறங்கும், பசியும் எச்சமும் மாறும். அப்போதுதான் முதல்முறையாக மீனை அறுத்தால், காண்பது மழையாலா, தீனாலா, அந்த மீன்களின் வழமையே அதுதானா என்று சொல்ல வழியில்லை. மீன் சுகமாக இருக்கும் ஆவணியிலோ புரட்டாதியிலோ 10 மீனை அறுத்துப் புள்ளி போட்டு, படத்தோடு கொப்பியில் வைத்திருங்கள். மழைக்காலத்தில் அறுக்கும் 10 மீனை அந்தப் பக்கத்தோடு ஒப்பிடலாம்.